ஒரே புத்தகம், ஆறு பதிப்புகள்: டிஸ்னி ரசிகர்களின் கலைக்களஞ்சியங்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

ஒசாகாவில் பொம்மைகளை மொத்த விலைக்கு விற்கும் சந்தை. அங்கே 500 யென் கொடுத்து ஒரு குட்டி கார்ட்டூன் படச்சுருளை வாங்குகிறான் ஒரு பதின்ம வயதுப் பையன். அதன்பிறகு சுமார் 70 வருஷம் அந்தச் சுருள் அவரது சேகரிப்பிலேயே கிடந்தது. பையன் வளர்ந்து அனிமேஷன் வரலாற்று ஆய்வாளர் ஆனார். பெயர் யாசுஷி வதனபே. 84 வயதில் அவர் ஒரு புத்தகம் படித்தார். டிஸ்னியின் ஆரம்பகாலப் படங்களில் எவையெல்லாம் தொலைந்துபோயின என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. நம்மிடம் இருப்பதை ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று பழைய சுருள்களைத் தேடினார். தொலைந்த பட்டியலில் இருந்த படங்களில் ஒன்று அவரிடமே இருந்தது!

2018 நவம்பரில் இது உலகம் முழுக்கச் செய்தியானது. அடுத்த வருஷமே அந்தப் புத்தகத்துக்குத் திருத்திய பதிப்பு வந்துவிட்டது. புத்தகத்தைப் படித்த ஒருவரால் புத்தகமே பழசாகிப்போன கதை இது.

கார்ட்டூன் ரசிகர்களுக்கான தகவல் புத்தகங்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை ‘அப்டேட்டட் எடிஷன்’ என்ற பெயரில் திரும்ப வருவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையை மாற்றிக் காசு பார்க்கும் வேலையா இது, இல்லை உள்ளே நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா? டிஸ்னியை வைத்தே பார்க்கலாம். ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவைப் பற்றி இவ்வளவு தகவல் புத்தகங்கள் வந்திருப்பது அபூர்வம்.

தொலைந்த முயலைத் தேடிய புத்தகம்

வதனபே படித்தது, டிஸ்னியில் பல ஆண்டுகள் அனிமேஷன் கலைஞராக இருந்த டேவிட் போசர்ட் எழுதி 2017-ல் வந்த புத்தகம். ‘ஆஸ்வால்ட் தி லக்கி ராபிட்’ என்ற முயல் கதாபாத்திரத்தைப் பற்றியது. மிக்கி மவுஸுக்கு முன்னால் வால்ட் டிஸ்னிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த முயல் இது. 1927, 1928 ஆகிய இரண்டு வருஷங்களில் யுனிவர்சல் நிறுவனத்துக்காக வால்ட் டிஸ்னி ஸ்டூடியோ 26 ஆஸ்வால்ட் படங்களைத் தயாரித்தது. எல்லாமே பேசாப் படங்கள், சில நிமிடங்களே ஓடுபவை.

1928 பிப்ரவரியில் வால்ட் நியூயார்க் போனார். படத்துக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கேட்பதுதான் திட்டம். இடையில் இருந்த விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ், கூடுதலாகத் தராததோடு, இனி குறைத்துத்தான் தருவேன் என்றார். வால்ட்டிடம் வேலை பார்த்த பெரும்பாலான ஓவியர்களை அவர் ஏற்கெனவே தன் பக்கம் இழுத்திருந்தார். முயலின் உரிமையோ யுனிவர்சலிடம் இருந்தது. வெறுங்கையோடு திரும்பிய வால்ட், தன்னோடு நின்ற அப் ஐவர்க்ஸுடன் சேர்ந்து அடுத்ததாக உருவாக்கியதுதான் மிக்கி மவுஸ்.

ஆஸ்வால்ட் திரும்பி வருவதற்கு 2006 வரை ஆனது. அதுவும் ஒரு விசித்திரமான பண்டமாற்றில். டிஸ்னிக்குச் சொந்தமான ஏபிசி, ஈஎஸ்பிஎன் சேனல்களின் பிரபல விளையாட்டு வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸ் போட்டி நிறுவனமான என்பிசிக்குப் போக விரும்பினார். அவரை விட்டுக்கொடுத்ததற்கு டிஸ்னி வாங்கிக்கொண்டவற்றில் இந்த முயலும் ஒன்று. ஆளைக் கொடுத்து கார்ட்டூனை வாங்கிய டீல் இது!

ஆனால் உரிமை வேறு, படம் வேறு. பேசும்படம் வந்ததும் பேசாப் படங்களுக்கு மவுசு போய்விட்டது. அந்தக்கால நைட்ரேட் பிலிம் தானாகவே சிதையும், சட்டென்று தீப்பிடிக்கும். அதில் இருக்கும் வெள்ளிக்காகவே பல சுருள்களை உருக்கினார்கள். அதனால் 26 படங்களில் பல எங்கே போயின என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றாக உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்துதான் கிடைத்து வந்தன. ‘ஹங்ரி ஹோபோஸ்’ பிரிட்டனில் கிடைத்தது. ‘எம்ப்டி சாக்ஸ்’ நார்வே தேசிய நூலகத்தில் இருந்தது. ‘ஸ்லே பெல்ஸ்’ 2015-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் ஆவணக் காப்பகத்தில் சிக்கியது. அங்கே அது தொலையவே இல்லை என்பதுதான் சுவாரஸ்யம். பட்டியலில் பெயரோடு பத்திரமாகத்தான் இருந்தது. அது உலகமே தேடும் படம் என்பது தெரிந்த ஓர் ஆய்வாளர் அந்தப் பட்டியலைப் பார்க்கும் வரை யாரும் கவனிக்கவில்லை.

போசர்ட்டின் புத்தகம் வந்தபோது இன்னும் 7 படங்கள் பாக்கி. வதனபேயிடம் இருந்தது அதில் ஒன்றான ‘நெக் அண்ட் நெக்’. காதலியைக் காரில் ஏற்றிக்கொண்டு பறக்கும் ஆஸ்வால்டை, மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ் நாய் துரத்தும் படம். வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காகச் சுருக்கி விற்ற 16 எம்எம் பிரதி என்பதால், அசல் படத்தில் சுமார் 2 நிமிடம்தான் அதில் இருந்தது. இத்தனை வருஷம் அடையாளம் தெரியாமல் போனதற்குக் காரணமும் உண்டு. சுருளின் மேல் இருந்த பெயர் ஆஸ்வால்ட் அல்ல, மிக்கி! தன் இடத்துக்கு வந்த எலியின் பெயரிலேயே முயல் ஒளிந்திருந்தது.

ஒரு பட்டியல் அச்சில் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எது இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல், எது இல்லை என்பதையும் புத்தகம் பெயர் சொல்லிச் சொன்னது. அதனால்தான் இல்லாதது கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு நூலகர்

டிஸ்னி ரசிகர்கள் ‘ஏ டு இசட்’ என்று செல்லமாகச் சொல்லும் அதிகாரபூர்வக் கலைக்களஞ்சியத்தை எழுதியவர் டேவ் ஸ்மித். இவர் ஓவியரும் இல்லை, இயக்குநரும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக நூலகத்தில் வேலை பார்த்தவர். 1960-களின் இறுதியில் வால்ட் டிஸ்னியைப் பற்றி வந்த புத்தகங்கள், கட்டுரைகளுக்கு ஒரு நூலடைவு தயாரித்தார். அந்தத் தொடர்பில் டிஸ்னி நிறுவனத்துக்குள் வந்தவர், 1970 ஜூன் 22 அன்று வால்ட் டிஸ்னி ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்.

வால்ட் இறந்தது 1966 டிசம்பரில். அவரது அலுவலக அறைகள் அப்போது எப்படி இருந்தனவோ அப்படியே பூட்டிக் கிடந்தன. மேஜையில் இருந்தது, அலமாரியில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்ததுதான் ஸ்மித்தின் ஆரம்ப வேலைகளில் ஒன்று. அவர் எழுதி வைத்த அந்த விவரங்கள் பின்னால் பெரிய உதவியாக இருந்தன. அந்த அறைகளைப் பழைய மாதிரியே அமைத்து 2015-ல் திறந்தபோது, எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று ஊகிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

காப்பகத்துக்கு நாள்தோறும் கேள்விகள் வரும். இந்தப் படத்துக்குக் குரல் கொடுத்தது யார், அந்த ராட்டினம் எந்த வருஷம் திறந்தது என்று ரசிகர்களும் கேட்பார்கள், நிறுவனத்தின் சொந்த ஊழியர்களும் கேட்பார்கள். பல வருஷம் இப்படிச் சேர்ந்த விடைகள்தான் 1996-ல் அகர வரிசைப் புத்தகமாக வந்தன. 1998-ல் இரண்டாம் பதிப்பு. மூன்றாவது 2006-ல், நான்காவது 2015-ல், ஐந்தாவது 2016-ல். ஸ்மித் 2010-ல் ஓய்வு பெற்றார், 2019 பிப்ரவரியில் காலமானார். நிறுவனத்தின் நூற்றாண்டான 2023-ல் வந்த ஆறாம் பதிப்பை, அவர் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்து முடித்தவர் ஸ்டீவன் வாக்னினி. அட்டையில் ஸ்மித்தின் பெயரும் இருக்கிறது.

மிக்கியின் பிறந்தநாளையே மாற்றிய வேலை

இந்த மாதிரி வேலையால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். மிக்கி மவுஸின் பிறந்தநாளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நவம்பர் 18 என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் அப்படி ஒரு நிலையான தேதியே கிடையாது. 1930-களில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதலிலோ கொண்டாடுவார்கள். தியேட்டர்களுக்கு வசதியான தேதியே பிறந்தநாள் ஆனது. மிக்கியின் 50-வது பிறந்தநாள் 1978-ல் நெருங்கியபோது, சரியான தேதியைக் கண்டுபிடிக்கும் வேலை ஸ்மித்திடம் வந்தது. ‘ஸ்டீம்போட் வில்லி’ படம் நியூயார்க்கின் காலனி தியேட்டரில் முதன்முதலாக ஓடியது 1928 நவம்பர் 18 என்று, அந்தக் காலத்து நிகழ்ச்சித் தாளை வைத்து அவர் உறுதி செய்தார். அன்றிலிருந்து அதுதான் பிறந்தநாள்.

இதிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மிக்கியை வைத்து முதலில் தயாரான படம் ‘ஸ்டீம்போட் வில்லி’ இல்லை, ‘பிளேன் கிரேஸி’. அது 1928 மே மாதமே சோதனைக் காட்சியாக ஓடிவிட்டது. வாங்க ஆள் இல்லாததால் அப்போது ரிலீஸ் ஆகவில்லை. ஒலி சேர்த்து 1929-ல்தான் வெளியானது. ஆகவே முதல் மிக்கி படம் எது என்ற கேள்விக்கு, தயாரானதா, ரிலீஸ் ஆனதா என்று திருப்பிக் கேட்டால்தான் விடை சொல்ல முடியும். நல்ல கலைக்களஞ்சியம் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும். சுமாரானது ‘முதல் படம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும்.

தேதிக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துப் படங்களின் காப்புரிமை, வெளியான ஆண்டில் இருந்து 95 வருஷம். அந்தக் கணக்கில்தான் 2024 ஜனவரி 1 அன்று ‘ஸ்டீம்போட் வில்லி’ பொதுச்சொத்து ஆனது. அந்தப் படத்தில் வரும் மிக்கியின் உருவத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற நிலை வந்தது. பழைய கார்ட்டூனின் ரிலீஸ் வருஷம் என்பது ரசிகர்களின் க்விஸ் கேள்வி மட்டும் இல்லை, வக்கீல்களின் கேள்வியும்கூட.

50-வது படம் எது?

ஒரு ஸ்டூடியோ எத்தனை படம் எடுத்தது என்று எண்ணுவதில் என்ன குழப்பம் வரப்போகிறது? வருகிறது.

2010-ல் வந்த ‘டேங்கிள்ட்’ படத்தை டிஸ்னியின் 50-வது முழுநீள அனிமேஷன் படம் என்று விளம்பரம் செய்தார்கள். 1937-ன் ‘ஸ்னோ ஒயிட்’ முதல் எண்ணி 50 வர வேண்டுமென்றால், 2000-ல் வந்த ‘டைனோசர்’ படத்தையும் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்கலாமா என்பதில்தான் ரசிகர்களுக்குள் சண்டை. நிஜ இடங்களைக் கேமராவில் படம்பிடித்து, அதன்மேல் கம்ப்யூட்டரில் உருவாக்கிய டைனோசர்களை நடமாட விட்ட படம் அது. அதை அனிமேஷன் படம் என்பதா, வேண்டாமா? சேர்க்காவிட்டால் ‘டேங்கிள்ட்’ 49-வது படம் ஆகிவிடும், 2021-ல் 60-வது என்று கொண்டாடிய ‘என்கான்டோ’வும் ஒரு படி இறங்கிவிடும். ஒரே ஒரு முடிவு, அதற்குப் பின்னால் வந்த எல்லாப் படத்தின் வரிசை எண்ணையும் தள்ளுகிறது.

‘டாய் ஸ்டோரி’ இந்த வரிசையில் வராது. அது பிக்சார் படம். 2006-ல் பிக்சாரை டிஸ்னி வாங்கிய பிறகும் இரண்டு ஸ்டூடியோக்களின் பட்டியலும் தனித்தனிதான். அடுத்து 2009-ல் மார்வெல், 2012-ல் லூகாஸ்ஃபிலிம், 2019-ல் ஃபாக்ஸ் என்று நிறுவனம் வாங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் ‘டிஸ்னி’ என்ற சொல்லின் எல்லை மாறுகிறது. அகராதி எழுதுபவர் எந்த வரியில் கோடு போடுவது? 1996-ல் இப்படி ஒரு தலைவலி இல்லை.

இன்னொரு பக்கம், இருந்தவை இல்லாமல் போகின்றன. ‘ஸ்பிளாஷ் மவுன்டன்’ என்ற பிரபலமான சவாரி, புளோரிடா, கலிபோர்னியா பூங்காக்களில் 2023-ல் மூடப்பட்டது. அதே இடத்தில் இளவரசி டியானாவை மையமாக வைத்த புதிய சவாரி 2024-ல் திறந்தது. 2023-ல் அச்சான ஆறாம் பதிப்பில் அந்தத் திறப்பு தேதி இருக்க வழியே இல்லை. கடைக்கு வந்த மறு வருஷமே ஒரு பதிவு பழசு. அச்சுப் புத்தகத்தின் விதி அது.

வெளியே இருந்து எழுதியவர்கள்

இதுவரை பார்த்தது பெரும்பாலும் டிஸ்னியே வெளியிட்ட புத்தகங்கள். சொந்த வீட்டைப் பற்றி வீட்டுக்காரர் எழுதுவதில் தகவல் துல்லியமாக இருக்கும், விமர்சனம் இருக்காது. இந்தப் படம் ஓடவில்லை, அந்தக் காட்சி இன்று பார்த்தால் முகம் சுளிக்க வைக்கிறது என்றெல்லாம் அங்கே எதிர்பார்க்க முடியாது.

அந்த இடத்தை நிரப்பியவர் சினிமா விமர்சகர் லெனார்ட் மால்டின். அவரது ‘தி டிஸ்னி ஃபிலிம்ஸ்’ 1973-ல் வந்தபோது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். வால்ட் உயிரோடு இருந்தபோது எடுத்த முழுநீளப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கதை, தயாரிப்பு விவரம், தன் கருத்து என்று எழுதினார். வீடியோ கேசட்டே வீட்டுக்கு வராத காலம். படத்தைத் திரும்பப் பார்ப்பதே கஷ்டம் என்ற நிலையில் இந்தப் புத்தகம் பலருக்குக் கையேடாக இருந்தது. 1984, 1995, 2000 என்று பிறகு மூன்று முறை புதுப்பித்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. முதல் பதிப்பை வெளியிட்டது டிஸ்னிக்குச் சம்பந்தமில்லாத க்ரவுன் நிறுவனம். 1995-ல் வெளியிட்டது ஹைபீரியன். அது அப்போது டிஸ்னிக்குச் சொந்தமான பதிப்பகம். பழைய டிஸ்னி ஸ்டூடியோ இருந்த தெருவின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். 2000-ல் வந்ததோ நேரடியாக ‘டிஸ்னி எடிஷன்ஸ்’ பெயரில். வெளியில் இருந்து எழுதிய புத்தகத்தையே நிறுவனம் உள்ளே அழைத்துக்கொண்டது. இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? நான்கு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரஸ்ஸல் மெரிட், ஜே.பி.காஃப்மன் இருவரும் எழுதிய ‘சில்லி சிம்பொனீஸ்’ தொடருக்கான வழிகாட்டி கொஞ்சம் வேறு ரகம். 1929 முதல் 1939 வரை வந்த 75 குறும்படங்களைப் பற்றியது. 80 வருஷம் முன்னால் முடிந்துபோன தொடர், இனி ஒரு படம்கூடக் கூடப்போவதில்லை. ஆனாலும் 2006-ல் வந்த புத்தகத்துக்கு 2016-ல் புதுப்பித்த பதிப்பு வந்தது. முடிந்துபோன தொடருக்கும் ஆவணங்கள் முடிவதில்லை. பழைய சம்பளக் கணக்கோ, வரைபடமோ வெளியே வந்தால் எந்தக் காட்சியை யார் வரைந்தார் என்ற விவரம் மாறலாம். அந்தக் காலத்துக் குறும்படங்களின் டைட்டிலில் பெரும்பாலும் வால்ட் டிஸ்னி பெயர்தான் இருக்கும். வரைந்தவர்களின் பெயர் இருக்காது. 90 வருஷம் கழித்தாவது ஓர் ஓவியரின் பெயர் அவர் வரைந்த காட்சிக்குப் பக்கத்தில் அச்சாவது சின்ன விஷயம் இல்லை.

புதுப்பிக்கவே தேவைப்படாத புத்தகமும் உண்டு. மூத்த அனிமேட்டர்கள் ஃப்ராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் 1981-ல் எழுதிய ‘தி இல்யூஷன் ஆஃப் லைஃப்’ இன்றும் அனிமேஷன் மாணவர்களின் பாடப்புத்தகம். அது தொழிலைச் சொல்லித்தருகிறது, தேதிகளை அடுக்கவில்லை. பந்து துள்ளுவதை எப்படி வரைவது என்பதற்கு அப்டேட் தேவையில்லையே.

வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மறு அச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. தமிழ்ப் புத்தகங்களில் ‘இரண்டாம் பதிப்பு’ என்று போட்டிருந்தால் பல நேரம் இரண்டாவது முறை அச்சடித்தார்கள் என்றுதான் அர்த்தம், உள்ளே ஒரு எழுத்தும் மாறியிருக்காது. ஆங்கிலப் பதிப்பகங்கள் இரண்டையும் பெரும்பாலும் தனியாகக் காட்டும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் காப்புரிமை விவரம் இருக்கும். அங்கே 10-ல் இருந்து 1 வரை எண்களை வரிசையாக அடித்திருந்தால், அதில் மிச்சம் இருக்கும் மிகச்சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். திருத்தம் நடந்திருந்தால் ‘ரிவைஸ்டு’, ‘அப்டேட்டட்’, ‘எக்ஸ்பேண்டட்’ மாதிரி ஒரு சொல் இருக்கும், பழைய பதிப்பின் வருஷமும் பக்கத்திலேயே இருக்கும். ‘ஸ்பெஷல்’, ‘டீலக்ஸ்’ என்பவை மட்டும் இருந்தால் கவனம் தேவை. அவை பெரும்பாலும் அட்டை, தாள், பெட்டி பற்றிய சொற்கள்.

ஆன்லைனில் பழைய புத்தகம் வாங்குபவர்கள் அட்டைப் படத்தை நம்பி ஆர்டர் போட வேண்டாம். ஒரே தலைப்பில் ஆறு பதிப்பு இருக்கும்போது, விற்பவர் ஒன்றின் படத்தைப் போட்டு இன்னொன்றை அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். ஐஎஸ்பிஎன் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதை வைத்துத் தேடினால் ஏமாற மாட்டீர்கள். ஆஸ்வால்ட் புத்தகம் வேண்டுமென்றால் 2017-ஆ, 2019-ஆ என்று கேட்டே வாங்குங்கள்.

புதுசு வாங்கிய கையோடு பழசை எடைக்குப் போடலாமா? வேண்டாம். இணையப் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தினால், பல தளங்களில் முன்னால் என்ன இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். அச்சுப் புத்தகம் அப்படி இல்லை. 1996-ல் ஸ்டூடியோ தன்னைப் பற்றி என்ன சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பது 1996 பதிப்பில் அப்படியே இருக்கிறது. 2017 பதிப்பின் தொலைந்த பட்டியலில் ‘நெக் அண்ட் நெக்’ இன்னும் தொலைந்துதான் கிடக்கிறது. ஆய்வாளர்கள் இரண்டையும் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.

அந்தப் பட்டியலில் மிச்சம் 6 படங்கள் இருந்தன. ஒசாகா சுருளைப் போலவே வேறு பெயர் ஒட்டிய டப்பாவில் அவை இருந்தால், மேலே எழுதியிருப்பதை நம்பாமல் உள்ளே போட்டுப் பார்க்கும் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.